கடைசிக் கம்பத்து விருந்தாளி

வாகைப்பேட்டையில் நடந்தது இது. நடக்கவில்லை என்று சாதிக்கிறவர்கள் அந்த ஆடி மாதம் அங்கே தறி ஓட்டாதவர்கள். அவர்கள் பேச்சை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம்.

கோவில்பட்டியிலிருந்து காலை ஏழே முக்காலுக்கு வரும் பஸ்ஸிலிருந்து நூல் பேல்களும் காய்கறி மூட்டைகளும் இறங்கி முடிந்த பிறகு, ஐந்து செஸ் புரோகிராம்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படியில் கால் வைத்து இறங்கின. ஆளைப் பார்த்தால் ஆள்தான்; இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, ஆளுக்கொரு துணிப்பை. நிழல் மட்டும் எட்டுக்கு எட்டு அறுபத்து நான்கு கட்டமாக, ஒன்று விட்டு ஒன்று கறுத்து, பஸ் ஸ்டாண்டுத் தரையில் விழுந்தது. இவர்களை ஆள் கணக்கில் சேர்ப்பதா லக்கேஜ் கணக்கில் சேர்ப்பதா என்று வழி நெடுகக் குழம்பிய கண்டக்டர், பேல் நிறுக்கிற தராசில் ஏற்றிப் பார்த்து, முள் அசையவே இல்லை என்றதும், "எடையே இல்லாதவுகளுக்கு என்ன டிக்கெட்டு, போங்கய்யா" என்று விசில் கொடுத்துவிட்டார். டீக்கடைப் பெஞ்சில் அவர்களை உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். வேண்டாம் என்று கும்பிட்டார்கள். அதில் ஒருவர் எழுந்து போய்ச் சுவரில் இருந்த பிளக்கில் ஒரு விரலை வைத்து, கண்ணை மூடி, பல்பு ஒரு கணம் மங்கி மீண்டதும் வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். "ஓ, கரண்டு சாப்பிடுதாகளா? நம்ம தறியும் அதத்தான சாப்பிடுது" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்காரர் அடுத்த டீயை ஆற்றப் போனார்.

இவர்கள் வந்த காரணம் ஊருக்கே தெரியும். விசைத்தறிச் சங்கத் தலைவர் சங்கிலிவேலு ஊர் ஊராக நோட்டீஸ் ஒட்டியிருந்தார். அவருடைய தறிக்கூடத்தில் நான்கு தறி ஓட்டுகிற சூடாமணி என்கிற இருபத்தாறு வயதுப் பெண், பள்ளிக்கூட வாத்தியார்களை ஜெயித்து, தாலுகாவை ஜெயித்து, ஜில்லாவை ஜெயித்து, மாநிலத்தை ஜெயித்து, போன தை மாதம் டெல்லிக்குப் போய் அங்கேயும் ஜெயித்துக் கோப்பையோடு திரும்பி, மறுநாளே ஷிப்டுக்கு வந்துவிட்டாள். மனிதரில் இனி ஆள் பாக்கியில்லை, எங்கள் பெண்ணை எதிர்க்க ஒரு கம்ப்யூட்டர் வரட்டும் என்பது நோட்டீஸ். ஒன்றைக் கூப்பிட்டார்கள், ஐந்து வந்தன. வந்த விருந்தாளியை வாசலோடு திருப்பி அனுப்பும் பழக்கம் வாகைப்பேட்டைக்குக் கிடையாது; ஆனால் சூடாமணிக்கு எதிரே போட இருப்பதோ ஒரே நாற்காலி.

அதில் யாரை உட்கார வைப்பது என்ற கேள்வி வந்ததும் ஊரே திரும்பிப் பார்த்தது மங்கையர்க்கரசியைத்தான். அவள் எடையளவு முத்திரை ஆய்வாளர். சுற்று வட்டாரத்தில் எந்தத் தராசும் அவள் குத்துகிற முத்திரை இல்லாமல் ஒரு கிலோ வெல்லம் நிறுக்க முடியாது. சூடாமணியின் கூடப்பிறந்த அக்காளும் அவள்தான். அதனால் சங்கத்துக் கூட்டத்தில் அவளே எழுந்து நின்று, "எந்தங்கச்சி ஆடுத ஆட்டத்துக்கு நானே எதிராளி பொறுக்குனா நல்லாவா இருக்கு? வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிப் பார்த்தாள். கூட்டம் சிரித்தது. வேலையில் சேர்ந்த முதல் மாதமே சொந்த அப்பாவின் பலசரக்குக் கடைத் தராசைப் பிடித்து, மூன்று கிராம் குறைகிறது என்று சீல் வைத்துவிட்டு, அதே அப்பாவுக்கு ராத்திரி சோறும் போட்டவள் இவள். இவளை விட்டால் வேறு யார் என்று ஒரே வாயாகக் கேட்டார்கள்.

அன்று சாயந்திரம் தங்கை அக்காளிடம் ஒன்று சொன்னாள்.

"ஏக்கா, நோஞ்சானாப் பாத்து எனக்கு எதிர்ல உக்கார வச்சிராத. நான் ஜெயிச்சா, அக்காக்காரி தயவுலதான ஜெயிச்சான்னு பேசுவாக. அஞ்சு பேர்ல யாரு கெட்டிக்காரரோ அவரத்தான் எனக்கு வேணும்."

"தோத்துப் போனியன்னா?"

"தோத்துட்டுப் போறேன். ஒரே ஒரு ஆட்டமாச்சும் சந்தேகமில்லாம ஆடிப் பாக்கணும்க்கா. நான் யாருன்னு எனக்கே தெரியணும்."

மங்கைக்கு அது போதும். அன்றே இரண்டு சேலையை எடுத்துக்கொண்டு ஆபீசின் பின்கட்டுக்குக் குடிபோனாள். ஆட்டம் முடிகிற வரை தங்கையோடு பேச்சில்லை, ஒரே பந்தியில் சாப்பாடில்லை, தெருவில் எதிரே வந்தால்கூட எதிர்ச்சாரிக்குப் போய்விடுவது என்று தனக்குத் தானே சட்டம் போட்டுக்கொண்டாள். நியாயம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

விருந்தாளிகளை எங்கே தங்க வைப்பது என்பதற்குத் தனியாக ஒரு கூட்டம் தேவைப்படவில்லை. திருவிழாவில் சாமியைத் தெருவுக்கொரு நாள் இருத்தி உபசரிக்கிற மண்டகப்படி உண்டு; தெருக்கள் ஐந்து, விருந்தாளிகளும் ஐந்து, தெருவுக்கொருவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களுக்கு அவர்களைப் படைத்தவர்கள் வைத்த பெயர்கள் யார் வாயிலும் நுழையாததால் தெருக்களே பெயரும் வைத்தன. டிரான்ஸ்பார்மர் தெருவில் சங்கிலிவேலு வீட்டில் தங்கியவர் கண்மூடித் திறப்பதற்குள் காயை நகர்த்துகிறவர், அவர் மின்னல். பிள்ளையார் கோயில் தெருவுக்குப் போனவர் ஒவ்வொரு காயையும் கும்பிட்டுவிட்டுத் தொடுகிறவர், அவர் கும்பிடுசாமி. பாவடித் தெருவில் கணக்கர், தபாலாபீஸ் தெருவில் முறைப்பு. ஊர்க் கோடியில், கரண்டு கம்பி போய் முடிகிற இடத்தில், அக்காளும் தங்கையும் ஒன்றாகக் குடியிருந்த வீடு இருக்கிற கடைசிக் கம்பத் தெருவுக்கு வாய்த்தவர் ஒரு காயை நகர்த்த அரை மணி நேரம் யோசிக்கிறவர். அவரைப் பொறுமை என்றார்கள்.

ஒரு வாரத்துக்குள் அவர்கள் ஊரோடு ஊராகிவிட்டார்கள். குழந்தைகள் அவர்களுடைய நிழலில் நொண்டி விளையாடினார்கள். நிழல் கலைந்துவிடக் கூடாதே என்று அவர்கள் மணிக்கணக்கில் வெயிலில் அசையாமல் நின்றார்கள். பாவடித் தெருப் பெண்கள் கணக்கரிடம் சீட்டுக் கட்டலாமா என்று யோசனை கேட்டார்கள். முறைப்புக்குப் பெண் கொடுக்கலாமா என்றுகூட தபாலாபீஸ் தெருவில் ஒரு பேச்சு வந்து, எடை இல்லாத மாப்பிள்ளை எப்படிக் குடும்பத்தைத் தாங்குவார் என்று யாரோ கேட்டதால் அது அப்படியே நின்றுபோனது.

போட்டியை மங்கை சங்கத்து மண்டபத்தில் நடத்தினாள். ஒருவர் மற்ற நால்வரோடும் ஆட வேண்டும், ஒரே பலகை, ஒரே கடிகாரம், வெள்ளைக் காய் ஆளுக்கு இரண்டு தடவை, கறுப்பு இரண்டு தடவை. காய்கள் ஆடக் கூடாதென்று மின்விசிறியைக்கூட அணைத்துவிட்டாள். நான்கு ஆட்டத்தையும் மின்னல் ஜெயித்தார். நான்கு ஆட்டத்திலும் பொறுமை நேரம் போதாமல் தோற்றார். நல்ல நிலையில் இருக்கும்போதே கை பாதி வழியில் நின்றுவிடும், கண் செருகும், கடிகாரம் ஓடி முடியும். "கடைசிக் கம்பத்துக்குன்னு வந்து வாச்சதப் பாரு" என்று டிரான்ஸ்பார்மர் தெருக்காரர்கள் வெடி வெடித்தார்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் முடிவில் மங்கை முத்திரை குத்துவது என்று ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை தறிக்கு வார லீவு. அன்று மத்தியானம், ஆபீசில் தண்ணீர் வராததால் குளிக்கவென்று மங்கை கடைசிக் கம்பத் தெருவுக்கு வந்தாள். தெரு முனையில் பொறுமை நின்றுகொண்டிருந்தார். அவருடைய நிழலைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மண்டபத்தில் இத்தனை நாள் அது பத்து வருஷம் துவைத்த கட்டம் போட்ட கைலியாக வெளிறிக் கிடந்தது. இன்றைக்கோ அப்போதுதான் மை பூசியதுபோல் ஒவ்வொரு கட்டமும் கன்னங்கரேலென்று இருந்தது.

"இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா," என்றார் பொறுமை கூச்சத்தோடு. "இன்னிக்கு வயிறு நெறையச் சாப்பிட்டேன்."

மங்கை குளிக்கவில்லை, சாயந்திரம் முத்திரையும் குத்தவில்லை. நேரே போய் எலக்ட்ரீசியன் வீட்டில் வோல்டேஜ் பார்க்கிற மீட்டரை வாங்கி வந்தாள். மறுநாள் காலை தறிகள் ஓடத் தொடங்கியதும் டிரான்ஸ்பார்மர் தெருப் பிளக்கில் வைத்துப் பார்த்தாள், இருநூற்று இருபத்தைந்து. தெருத் தெருவாக இறங்கிக்கொண்டே வந்து கடைசிக் கம்பத்தில் வைத்தாள், நூற்று நாற்பது. நானூறு தறி குடித்துவிட்டு விட்ட மிச்சம் அது. அந்தத் தெருவில் மின்விசிறி றெக்கையை எண்ணலாம், கிரைண்டர் பாதி மாவில் நிற்கும், பிறந்ததிலிருந்து அதைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். இருந்தும் விருந்தாளியின் வயிற்றோடு அதைச் சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. பலகையை ஒன்றாக வைத்தாள், கடிகாரத்தை ஒன்றாக வைத்தாள், சோற்றை மட்டும் ஊர் பாசத்தில் பிரித்துக் கொடுத்ததைப் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

முடிவு செல்லாது என்று அவள் அறிவித்ததும் ஊர் இரண்டுபட்டது. சங்கிலிவேலு மண்டபத்தில் குதித்தார்.

"ஒங்க தெரு விருந்தாளின்னதும் மீட்டர் தூக்கிட்டு வந்துட்டியாம்மா?"

"எங்க தெரு விருந்தாளி ஜெயிச்சா எந்தங்கச்சிக்குத்தான் கஷ்டம் அண்ணாச்சி. எந்தப் பக்கம் சாஞ்சிருக்கேன்னு நீங்களே சொல்லுங்க."

சங்கிலிவேலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆனால் ஐவரையும் ஒரே இடத்தில் தங்க வைக்கலாம் என்று மங்கை சொன்னபோது, அதுவரை அவள் பக்கம் பேசிய தெருக்கள்கூடத் திரும்பிக்கொண்டன. நம் வீட்டு விருந்தாளியை இன்னொரு வீட்டில் சாப்பிட அனுப்புவதா, அதைவிட ஊரைக் காலி செய்துவிட்டுப் போகலாமே என்று பெண்கள் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். மங்கை ஒரு ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, சாமி நடக்கிற வழியில் நடப்போம் என்றாள். சாமி ஒரு தெருவிலேயே தங்குவதில்லை. முதல் நாளான ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேருக்கும் டிரான்ஸ்பார்மர் தெருவில் சாப்பாடு, ஆட்டமும் அங்கேயே. இரண்டாம் நாள் ஐந்து பேருக்கும் பாவடித் தெருவில். இப்படி ஐந்து நாளில் ஐந்து தெரு. எந்தத் தெருவுக்கும் விருந்தாளி குறையவில்லை, ஒன்றுக்கு ஐந்தாகக் கூடியது. பெண்கள் வாசலை விட்டு எழுந்தார்கள்.

அந்த ஐந்து நாளும் மேளம்தான், தோரணம்தான். வயிறு நிறைந்த பொறுமை முதல் நாள் கும்பிடுசாமியை ஜெயித்தார், இரண்டாம் நாள் கணக்கரை ஜெயித்தார், மூன்றாம் நாள் அவருக்கு ஓய்வு, நான்காம் நாள் முறைப்போடு சமன் செய்தார். ஐந்தாம் நாள், வியாழக்கிழமை, கடைசிக் கம்பத் தெரு, எதிரே மின்னல், அவரும் அதுவரை தோற்காதவர். ஐந்து விரல்கள் ஒரே நேரத்தில் பிளக்கைத் தொட்டதும் தெருவில் ஒரு பல்பு மிச்சமில்லாமல் செம்புக் கம்பியாகச் சிவந்து அடங்கியது. யாரும் சொல்லாமலே வீட்டுக்கு வீடு பிரிட்ஜை அணைத்தார்கள், டிவியை அணைத்தார்கள், பச்சைப் பிள்ளைக்காரிகூட மின்விசிறியை அணைத்துவிட்டு நோட்டீஸ் தாளால் விசிறிக்கொண்டாள். அப்படியும் ஐவருக்கும் அரை வயிறுதான். பத்தாவது நகர்த்தலில் மின்னல் முதல் தடவையாகக் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார், பதினைந்தாவதில் யானையை எங்கே வைத்தோம் என்று தேடினார். நிறைந்த வயிற்றைத் தவிர வேறு எதையும் அறியாத மனிதர், பாவம். பொறுமைக்கு அது பழகிய பசி. மெல்ல, மிக மெல்ல, நாற்பத்தோராம் நகர்த்தலில் ராஜாவை மடக்கினார். தோற்ற மின்னல் எழுந்து, "இத்தனை நாள் இதச் சாப்பிட்டா ஆடுனீரு?" என்று கேட்டு அவரைக் கட்டிக்கொண்டார்.

மங்கை முத்திரை குத்தினாள். தராசு முள் நடுவில் நிற்கும்போது வருமே ஒரு நிம்மதி, அது அவளுக்கு வந்தது. தங்கை கேட்டது ஐவரில் கெட்டிக்காரர், இதோ கொடுத்தாயிற்று. இனி ஜெயித்தாலும் தோற்றாலும் ஒரு நாக்கு அசையாது என்று தலையை நிமிர்த்தியே நடந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்டம். மண்டபம் கொள்ளாத கூட்டம். உள்ளே இடமில்லாதவர்களுக்காகத் தெருவெல்லாம் குழாய் ரேடியோ கட்டி, கடைசிக் கம்பம் வரை கம்பி இழுத்திருந்தார் சங்கிலிவேலு. பத்தாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது சூடாமணி வந்தாள். தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பலகையைப் பார்த்தாள்.

வெள்ளைக் காய் பொறுமைக்கு. மங்கை கடிகாரத்தை அழுத்தினாள். பொறுமை காயைத் தொடவில்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று, அவர் யோசிக்கிறவர்தானே என்று கூட்டம் காத்திருந்தது. கால் மணி ஆனபோது அவர் தலையை நிமிர்த்தி மங்கையைப் பார்த்தார்.

"அம்மா, இவுங்க சாப்பிட்டாங்களா?"

மங்கைக்கு முதலில் புரியவில்லை.

"கண்ணு செருகுது பாருங்க. எனக்கு இப்படித்தான் இருந்துச்சு. எங்க அஞ்சு பேருக்கும் ஒரே சோத்தப் போட்டுத்தான என்னப் பொறுக்கி எடுத்தீங்க. ஆறாவது ஆளு இவுங்க. இவுங்களுக்கு யாரு போட்டா?"

மங்கை தங்கையைப் பார்த்தாள். இருபது நாளாக முகம் பார்க்காத தங்கை. அப்பா போன பிறகு அந்த வீட்டில் இருப்பது அக்காளும் தங்கையும்தான்; உலை வைக்கிறவள் மங்கை. அவள் நியாயத்தைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குக் குடிபோன நாளிலிருந்து அந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை. ராத்திரி எட்டு மணிக்குத் தறிக்குப் போய் விடிந்து எட்டு மணிக்கு வருகிறவள், நேற்றும் போய்விட்டு, ஒரு டீயும் ரெண்டு வர்க்கியும் தின்றுவிட்டு, அப்படியே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று ஊரில் எத்தனை பேருக்கு மங்கை சொல்லியிருப்பாள்! அப்பாவின் தராசில் மூன்று கிராம் கண்டுபிடித்த கண்ணுக்குச் சொந்தத் தங்கை இளைத்தது தெரியாமல் போயிற்றே என்று அத்தனை பேர் முன்னாலும் அழுதாள்.

"ஏட்டி, எங்கிட்டச் சொல்லப்படாதா?"

"நீதான் எதிர்ச்சாரில போறியக்கா," என்றாள் சூடாமணி. அவள் குரலில் கோபம்கூட இல்லை, அவ்வளவு அசதி.

மங்கை கடிகாரத்தை நிறுத்தினாள். ஆட்டம் செவ்வாய்க்கிழமைக்கு என்று அறிவித்தாள். நோட்டீசில் ஞாயிறு என்றல்லவா போட்டிருக்கிறது என்று கேட்க வாயெடுத்த சங்கிலிவேலு, அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். தங்கையைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப்போய், கொதிக்கக் கொதிக்கச் சோறு வடித்து, கத்திரிக்காய்க் குழம்பு ஊற்றி, பிசைந்து ஊட்டினாள். நாலாவது கவளத்தை மென்றுகொண்டே சூடாமணி சாய்ந்து தூங்கிப்போனாள்.

அவள் தூங்குகிறாள் என்ற செய்தி தெரு தெருவாக நடந்தது. முதலில் பக்கத்து வீட்டுத் தறி நின்றது. பிறகு தெரு நின்றது. பிறகு பாவடித் தெரு, தபாலாபீஸ் தெரு, பிள்ளையார் கோயில் தெரு. வெள்ளிக்கிழமையாக இல்லாத ஒரு நாளில் வாகைப்பேட்டையில் தறிச் சத்தம் இல்லாமல் போனது அதுவே முதல் தடவை. சத்தத்தில் பிறந்து சத்தத்தில் வளர்ந்த குழந்தைகள் பயந்து அழுதன, தாய்மார்கள் வாயாலேயே 'டக்கட டக்கட' என்று தறி ஓட்டித் தூங்க வைத்தார்கள். கடைசியாகச் சங்கிலிவேலுவின் கூடம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஊரே அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

இரண்டு நாள் அவள் தூங்கினாள், எழுந்து சாப்பிட்டாள், மறுபடி தூங்கினாள். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, தலைக்குப் பூ வைத்து மண்டபத்துக்கு வந்தபோது, இவள் இவ்வளவு உயரமா என்று பலருக்குத் தோன்றியது. தறி ஓடாத ஊரில் கரண்டு கடைசிக் கம்பம் வரை நிறைந்து நின்றதால் பொறுமையின் நிழலும் கன்னங்கரேலென்று இருந்தது. இருவர் வயிறும் நிறைந்திருக்கிறது என்று மங்கை கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கடிகாரத்தை அழுத்தினாள்.

ஆறு மணி நேரம் ஆடினார்கள். ராணிகள் போயின, யானைகள் போயின, குதிரையும் சிப்பாய்களுமாகப் பலகை மெலிந்துகொண்டே வந்தது. ஐவரில் கெட்டிக்காரரான பொறுமை தனக்குத் தெரிந்த அத்தனையையும் ஆடினார். ஒரு விரல் இடம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. எழுபத்து நான்காம் நகர்த்தலில் சூடாமணி ஒரு சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினாள். பொறுமை அரை மணி நேரம் யோசித்தார். பிறகு புன்னகையோடு தன் ராஜாவைப் படுக்க வைத்து, எழுந்து நின்று கும்பிட்டார்.

வெடிச் சத்தம் அடங்கக் கால் மணி ஆயிற்று. மங்கை தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சங்கிலிவேலு மாலையும் கையுமாக மேடையேறி, மைக்கை எடுத்துச் சூடாமணியின் வாய்க்கு நேரே நீட்டினார்.

"சொல்லு தாயி, நம்ம ஊரு பூராவும் கேக்கட்டும். இப்பேர்ப்பட்டவர எப்படி ஜெயிச்ச?"

"வித்தை ஒண்ணுமில்ல அண்ணாச்சி," என்றாள் சூடாமணி. "இதுவரைக்கும் நான் ஆடுனதெல்லாம் தூங்காம ஆடுனது. இது தூங்கிட்டு ஆடுனது."

குழாய் ரேடியோ அதைத் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு கடைசிக் கம்பம் வரை போயிற்று. கூட்டத்தில் ஆங்காங்கே இருந்த நைட் ஷிப்டுப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். ஒருவரும் கை தட்டவில்லை. எல்லோரும் சங்கிலிவேலுவைப் பார்த்தார்கள். அவர் மைக்கைத் தன் பக்கம் திருப்பி வாயருகே வைத்துக்கொண்டார். அவர் மூச்சு விடுவது ஊர் முழுக்கக் கேட்டது.